மற்றன்னாள் மீட்டிங்

முஸ்கி: இந்தப் பதிவுல வர்ற யாருக்கும் பேர் கிடையாது. எந்த ஊர், எந்தத் தெருன்னும் சில இடத்துல சொல்லப் போறதில்லை. ஏன்னு படிச்சா புரியும். எங்க மாமா முழுசாப் படிச்சு, ரெண்டு பத்தியை வெட்டச் சொல்லி, வெட்டினதுக்கு அப்புறம் தான் ஏத்துறேன்.

மாசம் ஒண்ணாம் தேதி கேரளாவுல பெவ்கோ கடை திறக்காது. இது எங்க போடியில பள்ளிக்கூடம் போற பையனுக்குக்கூடத் தெரியும். அன்னிக்குச் சாயந்தரம் போடிமெட்டு வழியா இறங்குற வண்டிகள்ல கூட்டம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். திருவள்ளுவர் தினத்துக்கு டாஸ்மாக் லீவு. அன்னிக்கு எதிர்த்திசையில வண்டி ஏறும். கள்ளுண்ணாமைன்னு ஒரு அதிகாரமே எழுதி வெச்ச மனுஷன் பேரைச் சொல்லி நம்மாளுங்க மலையேறிக் குடிச்சுட்டு வர்றாங்க. வள்ளுவர் பார்த்தா என்ன நினைப்பாரோ தெரியலை :)

இதுல ஆச்சரியம் என்னன்னா, இதையெல்லாம் யாரும் நோட்டீஸ் அடிச்சு ஒட்டலை. சிக்னலே எட்டாத தோட்டத்துல கெடக்குற ஆளுக்கும், எந்த ஊர்ல எந்தக் கடை, எத்தனை மணி வரைக்கும், எந்தச் சரக்கு தீந்து போச்சுங்கற வரைக்கும் தெரியும். ஆனா குடியை விடணும்னு நினைச்ச ஒரு மனுஷனுக்கு, இந்த வாரம் கூட்டம் எங்க, எத்தனை மணிக்குங்கறது தெரியலை. மூணு தடவை மலை இறங்கி, ஏறி, மூணு தடவையும் பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பியிருக்காரு. அந்த மூணு பூட்டைப் பத்தித் தான் இந்தப் பதிவு.

வெளியூர் மக்களுக்காகக் கொஞ்சம் பூகோளம். போடிநாயக்கனூர் மலை அடிவாரம். அங்கேர்ந்து சுமார் 25 கிலோமீட்டர் மேல ஏறினா போடிமெட்டு. கொண்டை ஊசி வளைவு பதினேழுன்னு சிலர் சொல்லுவாங்க, பதினெட்டுன்னு சிலர். நான் எண்ண ஆரம்பிச்ச அத்தனை தடவையும் பாதியில தூங்கிட்டேன். மெட்டைத் தாண்டினா இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, நெடுங்கண்டம்னு ஏலத்தோட்டமாவே போகும். எங்க பக்கத்துப் பொம்பளைங்க விடியுமுன்னே தூக்குச்சட்டியோட ஜீப்புல நெருக்கிக்கிட்டு ஏறி, காய் எடுத்துட்டு, இருட்டுறதுக்குள்ள இறங்கிடுவாங்க. ஆம்பளைங்கள்ல நிறையப் பேர் தோட்டத்துலயே லயத்துல தங்கிடுவாங்க. எடுத்த காய் காஞ்சு, தரம் பிரிச்சு, போடிக்கோ அந்தப் பக்கம் புத்தடிக்கோ ஏலத்துக்கு வரும். நான் அந்தக் காய்க்குக் கணக்கு எழுதுறவன். ஒரு கமிஷன் கடையில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிற ஆளு. அவ்வளவு தான் நம்ம பயோடேட்டா.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, குடியை விட்டு ஒன்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமா ஏ.ஏ. கூட்டத்துக்குப் போற ஆளு. 'அனானிமஸ்'ன்னா நம்ம பதிவுலகத்துல வேற அர்த்தம். பேர் சொல்லாம வந்து திட்டிட்டுப் போறவங்க. இங்க அப்படியில்லை. பேர் வெளிய போகாதுங்கற நம்பிக்கையில தான் ஒரு மனுஷன் முதல் தடவையா வாயைத் திறக்கிறான். மெம்பர் லிஸ்ட் கிடையாது, சந்தா கிடையாது, தலைவர் கிடையாது. குடியை நிறுத்தணும்ங்கற ஆசை இருந்தா போதும், உள்ள வந்து உக்காரலாம். செக்ரட்டரின்னு ஒருத்தர் இருப்பாரு. அவர் வேலை சாவி வாங்குறது, டீ போடுறது, நாற்காலி அடுக்குறது.

நான் அந்தக் கூட்டத்து ஆள் இல்லை. அவங்கள்ல 'ஓப்பன் மீட்டிங்'னு ஒண்ணு உண்டு, அதுக்கு யார் வேணா போகலாம். மாமாவோட பர்த்டேக்கு (குடியை விட்ட நாளைத் தான் பர்த்டேன்னு கேக் வெட்டுவாங்க) வருஷா வருஷம் போவேன். க்ளோஸ்டு மீட்டிங்குக்கு வாசலோட சரி.

இப்ப முதல் பூட்டு. 2023 மார்ச். கீழ இருக்கிற ஒரு குழு, ஒரு பள்ளிக்கூடத்து ரூம்ல ஞாயித்துக்கிழமை சாயந்தரம் கூடிக்கிட்டிருந்தது. பொதுத்தேர்வு வந்ததும் ரூம் கிடைக்கலை. அடுத்த தெருவுல ஒரு மாடிக்கு மாத்திட்டாங்க. முந்தின வாரம் கூட்டத்துல சொன்னாங்க. வந்தவங்களுக்குத் தெரியும். முந்தின வாரம் வராதவர் தான் நம்மாளு. தோட்டத்துல சம்பளம் போடுற நாள், அவரால இறங்க முடியலை. அடுத்த வாரம் இறங்கி வந்து கேட்டுல பெரிய பூட்டைப் பார்த்துட்டு, பக்கத்துல யார்கிட்டயும் கேக்கவும் கூச்சப்பட்டுக்கிட்டு (என்னன்னு கேப்பீங்க? "இங்க குடிகாரங்க கூட்டம் நடக்குமே, அது எங்க?"ன்னா?) திரும்பிட்டாரு. நூறு அடி தள்ளி மாடியில ஏழு பேர் டீ குடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

ரெண்டாவது பூட்டு மேல. மலைமேல இருக்கிற ஒரு குழு பெரும்பாலும் மலையாளம் பேசுறவங்க. நம்மாளு யாரோ ஒருத்தர் குடுத்த நம்பருக்கு ஒரு வெள்ளிக்கிழமை போன் போட்டிருக்காரு. அந்தப் பக்கத்துச் சேட்டன் ரொம்ப அன்பா, "மற்றன்னாள் மீட்டிங் உண்டு, வரணும்"னு சொல்லியிருக்காரு. நம்மாளு மறுநாள்னு எடுத்துக்கிட்டாரு. மறுநாள்னா நமக்கு அடுத்த நாள். சனிக்கிழமை லீவு போட்டு, ரெண்டு ஜீப் மாறிப் போயி நின்னா பூட்டு. மலையாளத்துல மற்றன்னாள்னா நாளைக்கழிச்சு. ஞாயித்துக்கிழமை. ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்லை. ரெண்டு பாஷையும் அக்கா தங்கச்சிங்க தான், சமயத்துல அதுவே வில்லங்கம்.

மூணாவது பூட்டு ஒரு பழைய அச்சடிச்ச லிஸ்ட்டால வந்தது. அதுல இருந்த விலாசத்துல குழுவே கலைஞ்சு ரெண்டு வருஷம். அங்க இப்ப செல்போன் கடை, ஞாயித்துக்கிழமை லீவு.

அதுக்கப்புறம் அவர் பதினோரு நாள் விடாம குடிச்சாரு. பன்னெண்டாவது நாள், யாரையும் கேக்காம, தானா ஒரே வீம்புல நிறுத்தினாரு. ரெண்டாவது நாள் காலையில ஜீப்புல இறங்கி வரும்போது வளைவுல வலிப்பு வந்துடுச்சு. பக்கத்துல இருந்த பொம்பளைங்க மடியில போட்டுக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்த்தாங்க. பிழைச்சுக்கிட்டாரு.

இங்க ஒரு நிமிஷம் நின்னு சொல்லிடுறேன், இது ரொம்பப் பேருக்குத் தெரியாது. வருஷக்கணக்குல தினம் நிறையக் குடிச்ச ஆளு திடீர்னு நிறுத்தினா அது ஆபத்து. முதல் நாள்லயே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஆரம்பிக்கும். முதல் ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டு மூணு நாள் கழிச்சு ஆள் அடையாளம் தெரியாம, இல்லாதது கண்ணுக்குத் தெரிஞ்சு, பிதற்றுற நிலைக்கும் போகலாம். உயிரே போகலாம். அதனால "மானம் ரோஷம் இருந்தா நாளையிலேர்ந்து விடு"ன்னு வீட்டுல உசுப்பேத்தாதீங்க. முதல்ல டாக்டர், மருந்து. அப்புறம் தான் கூட்டம். ஏ.ஏ.காரங்களே இதைத் தான் சொல்றாங்க.

சேதி கேட்ட அன்னிக்கு மாமா எங்க வீட்டுத் திண்ணையில வந்து உக்காந்தவர் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னாரு. "மாப்ள, எங்களுக்குக் குடிக்கக் காரணமே வேணாம். மழை பேஞ்சா குடிப்போம், பேயலைன்னா குடிப்போம். அப்படி இருக்கிறவன் குடிக்காம இருக்க ஒரு காரணம் தேடி மலை இறங்கி வந்திருக்கான். அவனுக்குப் பூட்டைக் காட்டியிருக்கோம்யா." எப்பவும் சிரிச்சுப் பேசுற மனுஷன். நான் கணக்குப் பிள்ளை இல்லையா, உடனே, "நான் எல்லாக் குழு நேரத்தையும் ஒரே அட்டையில போட்டுத் தர்றேன் மாமா, ஒரு வாரத்துல முடிச்சுடலாம்"னு சொன்னேன்.

ஏழு மாசம் ஆச்சு :)

முதல்ல ஒரு கதை. இந்த இயக்கமே ஒரு போன்ல ஆரம்பிச்சது தான். 1935 மே மாசம். அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல ஆக்ரன்னு ஒரு ஊர். பில் வில்சன்னு நியூயார்க்காரர், குடியை விட்டு சில மாசம் தான் ஆகியிருந்தது, வியாபாரத்துக்கு வந்து அது ஊத்திக்கிச்சு. ஓட்டல் வராந்தாவுல தனியா நிக்கிறாரு. ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன். பக்கத்துல ஊர்ச் சர்ச்சுகளோட பட்டியல். பாருக்குப் போகாம ஒரு பாதிரியாருக்குப் போன் போட்டாரு. யாராவது இன்னொரு குடிகாரர்கிட்ட நான் பேசணும், இல்லைன்னா நான் குடிச்சுடுவேன்ங்கற நிலைமை. அந்தப் பாதிரியார் சில நம்பர் குடுக்க, அது ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குப் போயி, கடைசியில ஒரு அம்மா மூலமா டாக்டர் பாப் ஸ்மித்துங்கறவரைச் சந்திச்சாரு. அந்த டாக்டர் கடைசியாக் குடிச்ச நாள்னு சொல்ற ஜூன் 10, 1935 தான் ஏ.ஏ. பிறந்த நாள். நம்ம நாட்டுக்கு 1957ல வந்தது. நான் இந்தக் கதையை முதல் தடவை கேட்டப்ப எனக்குத் தோணினது, அந்தப் பட்டியல்ல நம்பர் பழசா இருந்திருந்தா?

நம்ம பக்கம் நம்பர் பழசாத் தான் இருந்தது. நான் சேகரிச்ச அச்சடிச்ச லிஸ்ட் மூணு. மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலை. ஒரு நம்பருக்குப் போட்டா, அவர் இறந்து போயிட்டார்னு அவர் மகள் சொன்னா. குடிக்காமலேயே இறந்தார்ப்பான்னு அழுத்திச் சொன்னா. இன்னொரு நம்பர் ஒரு ஆஸ்பத்திரிச் சுவர்ல ஒட்டியிருந்த போஸ்டர்ல இருந்தது. போட்டேன். "யாரு, ஆடா?"ன்னு ஒரு கனத்த குரல். ஆட்டு வியாபாரி!

நடந்தது இது தான். பழைய ஆள் நம்பரை விட்டுட்டாரு. கொஞ்ச நாள் கழிச்சு கம்பெனிக்காரன் அதை இவருக்குக் குடுத்துட்டான். அதுலேர்ந்து நாலு வருஷமா ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணிக்கெல்லாம் யார் யாரோ கூப்பிட்டு அழுதிருக்காங்க. முதல்ல திட்டி வெச்சிருக்காரு. அப்புறம் ஒரு ராத்திரி ஒரு சின்னப் பொண்ணு, "எங்கப்பாவை எங்க கூட்டிட்டு வரணும்?"னு கேட்டதாம். அதுக்கப்புறம் இவரால வெக்க முடியலை. தானாவே அங்க இங்க விசாரிச்சு, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தச் சர்ச்சுக்குப் பக்கத்துல போய்க் கேளுப்பா"ன்னு சொல்லக் கத்துக்கிட்டிருக்காரு. அந்த இடமும் மாறிடுச்சுங்கறது வேற விஷயம். ஆனா எங்க சுத்து வட்டாரத்துல நாலு வருஷமா ராத்திரி டூட்டி பார்த்த ஒரே ஆளு அவர் தான். வாழ்க்கையில ஒரு சொட்டுக் குடிச்சதில்லையாம். மாமாவும் இன்னும் ரெண்டு பேரும் நேர்ல போய் அவருக்கு நன்றி சொல்லிட்டு வந்தாங்க. வேட்டியை இறக்கி விட்டுட்டு எழுந்து நின்னாராம் மனுஷன்.

"வாட்சப் குரூப் ஒண்ணு ஆரம்பிச்சா முடிஞ்சதே, இதுக்கு ஏழு மாசமா?"ன்னு நீங்க கேக்குறது எனக்குக் கேக்குது. தங்கமணியும் அதைத் தான் கேட்டாங்க. நானும் அதைத் தான் முதல்ல சொன்னேன். மாமா ஒரே கேள்வி கேட்டாரு. "அதுல எல்லாரும் எல்லார் நம்பரையும் பார்க்கலாமா?" பார்க்கலாம். "அப்ப தோட்ட முதலாளியும் அதுல இருக்கலாம், அவர்கிட்ட வேலை பார்க்கிறவனும் இருக்கலாம். ஜீப் டிரைவரும் இருக்கலாம், அவன் ஜீப்புல தினம் போற பொம்பளையோட புருஷனும் இருக்கலாம். கூட்டத்துக்குள்ள வந்தா எல்லாரும் ஒண்ணு, அது சரி. ஆனா ஒருத்தன் போனை அவன் மச்சான் எடுத்துப் பார்த்தா?" சின்ன ஊருங்க இது. லைசென்ஸ், வேலை, பொண்ணு குடுக்கிறது எல்லாம் இருக்கு. பெருநகரத்துல அனானிமஸா இருக்கிறது சுலபம், இங்க கூட்டம் நடக்கிற வாசல்ல செருப்பை வெச்சே ஆளைச் சொல்லிடுவாய்ங்க. நம்பரை மறைக்கிற வசதியெல்லாம் இப்ப வந்திருக்குன்னு தெரியும், சொன்னேன். ஆனா பாதிப் பேர்கிட்ட பட்டன் போன். மிச்சப் பாதியில பாதிப் பேருக்கு வேலை செய்யுற இடத்துல சிக்னல் இல்லை. அத்தோட அந்தப் பேச்சு முடிஞ்சது.

சரி, ஒரு பொது நம்பர். புதுசா ஒரு பட்டன் போன், ஒரு சிம். அதை நானே வாங்கித் தர்றேன்னு சொன்னேன். "வேணாம் தம்பி"ன்னாரு செக்ரட்டரி. ஏன்ணே, ஆயிரத்துச் சொச்சம் தானே? அவங்களுக்குப் பன்னிரண்டு மரபுகள்னு இருக்கு. 1950ல அமெரிக்காவுல கிளீவ்லாண்டு மாநாட்டுல ஏத்துக்கிட்டது. அதுல ஏழாவது, வெளியாள் காசு வாங்கக் கூடாது. சர்க்கார் காசும் வேணாம், சேட்டு காசும் வேணாம், கணக்குப் பிள்ளை காசும் வேணாம். கூட்டத்துல பை சுத்தி வரும், மெம்பர் போடுறது தான் வரவு. நான் அட்டைக்கு மாதிரி எடுத்த ஜெராக்ஸுக்கு 48 ரூபாய், சில்லறையா எண்ணிக் கையில குடுத்தாங்க. வாங்க மாட்டேன்னு சொல்லிப் பார்த்தேன். "குடிக்கிற காலத்துல ஊர் பூரா ஓசியில வாங்கினோம் தம்பி, இதையாவது குடுக்க விடுங்க"ன்னாரு ஒரு பெரியவர். அதுக்கு மேல என்ன பேச?

நாலாவது மரபு இன்னும் பெரிய தலைவலி. ஒவ்வொரு குழுவும் சுதந்திரம். மேல ஒருத்தர் கிடையாது. ஏலக் கடையில முதலாளி ஒரு வார்த்தை சொன்னா மறுநாள் நடக்கும் (தமிழ் மறுநாள்!). இங்க ஆறு குழுன்னா ஆறு இடத்துலயும் போய்ச் சொல்லி, அவங்க 'குழு மனசாட்சி'ன்னு உக்காந்து பேசி, ஒத்துக்கிட்டா உண்டு. அவங்க பேசும்போது நான் வெளிய டீக்கடையில. ஒரு குழு முதல் வாரமே சரின்னாங்க. ஒரு குழு, எழுத்துல எதுவுமே வேணாம்னாங்க. அதுல ஒருத்தர் சட்டைப் பையில இருந்த பழைய கூட்ட அட்டையைப் பார்த்துட்டு முதலாளி வேலையை விட்டு நிறுத்தினாராம். பயத்துக்குக் காரணம் இருக்கு இல்லையா. அதனால அட்டையில ஏ.ஏ.ன்னு பெரிசாப் போடுறதில்லை, குடின்னும் போடுறதில்லைன்னு முடிவாச்சு. ஊர், கிழமை, மணி, இடம், ஒரு போன் நம்பர். அவ்வளவு தான். பார்க்கிறவங்களுக்குப் பஸ் டைம் மாதிரி இருக்கும்.

ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். மலையாளத்தை மேல இருக்கிற சேட்டன் தான் சரி பார்த்தாரு. மற்றன்னாள் கதையை அவர்கிட்ட சொன்னப்ப முகத்தை மூடிக்கிட்டாரு பாவம். அன்னிக்கே ஒரு விதி போட்டாரு. போன்ல யாரும் நாளைக்கு, மறுநாள், மற்றன்னாள், அடுத்த வாரம்னு பேசக் கூடாது. கிழமையும் தேதியும் மட்டும். "ஞாயிறு, 14." இப்ப எங்க பக்கத்துக் குழுக்காரங்க எல்லாம் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரித் தான் பேசுறாங்க. ரயில்னதும் ஞாபகம் வருது, மீட்டர்கேஜ் வண்டியை 2010 கடைசியில நிறுத்தினவங்க 2023 ஜூன்ல தான் போடிக்குத் திரும்ப ரயில் விட்டாங்க. மதுரை, தேனிப் பக்கத்துலேர்ந்து அனுபவஸ்தர்கள் ரெண்டு பேர் இப்ப அதுல ஏறி வர்றாங்க. குழுக்களுக்கு அது பெரிய தெம்பு.

ஆனா எல்லாத்தையும் விட உருப்படியான யோசனை அட்டையும் இல்லை, போனும் இல்லை. அது மாமா சொன்னது. எந்தக் காரணத்துக்காகக் கூட்டம் மாறினாலும், ரத்தானாலும், பழைய இடத்துப் பூட்டுக்கு முன்னாடி ஒரு ஆள் நிக்கணும். கூட்ட நேரத்துலேர்ந்து அரை மணி நேரம். நாலு வாரத்துக்கு. மழையோ வெயிலோ, யாரும் வந்தாலும் வராட்டியும். ஆறு குழுவுல அஞ்சு குழு இதுக்கு மட்டும் எந்த விவாதமும் இல்லாம ஒத்துக்கிட்டாங்க. எழுத்து வேணாம்னு சொன்ன குழு தான் முதல்ல கையைத் தூக்கினாங்களாம். நாங்க கம்ப்யூட்டர்காரங்க இதை எந்த ஜென்மத்துலயும் யோசிச்சிருக்க மாட்டோம்.

அட்டையை எப்படி மேல கொண்டு போறது? ஜீப் டிரைவர்கள் தான். "என்னண்ணே, கல்யாணப் பத்திரிகையா?"ன்னு கேட்ட ஒரு டிரைவர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். சத்தம் போடாம வாங்கி முன்கண்ணாடிக்கு மேல சொருகினாரு. வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு, நிறுத்தி, "ஒண்ணு சேர்த்துக் குடுங்க"ன்னாரு. யாருக்குன்னு நான் கேக்கலை.

எங்க கணிப்பு தப்பினது ஒரு இடத்துல. குடிக்கிற ஆம்பளைங்க கைக்குப் போகும்னு அடிச்ச அட்டை, முதல் வாரமே பொம்பளைங்க கையில. காய் எடுக்கிறவங்க, தரம் பிரிக்கிற கிட்டங்கியில உக்காந்திருக்கிறவங்க, அவங்க முந்தானை முடிச்சுல தான் முக்காவாசி. ஒரு அக்கா என் கடைக்கே வந்து, "அந்த மஞ்ச அட்டை இன்னும் இருக்காப்பு?"ன்னு கேட்டாங்க. நியாயம் தான். குடிக்கிறவனை விட அவன் எப்ப நிறுத்துவான்னு கணக்குப் போடுறவ அவ தானே. பில் வில்சனோட மனைவி லாயிஸ் 1951ல குடும்பத்துக்காரங்களுக்குன்னு அல்-அனான்னு தனிக் குழு ஆரம்பிச்சதும் இதனால தான். நம்ம தமிழ்நாட்டுல இந்த வேலைக்கு முன்னோடியே ஒரு மனைவி. சென்னையில சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடியால 1979ல இழந்தாங்க. அடுத்த வருஷமே, 1980ல, டி.டி. ரங்கநாதன் பேர்ல சிகிச்சை மையம் ஆரம்பிச்சாங்க. 1992ல பத்மஸ்ரீ. அவங்க ஆளுங்க 1989லேர்ந்து மஞ்சக்குடியில (இப்ப திருவாரூர் மாவட்டம்) கிராமத்துலயே முகாம் போட்டு, குடும்பத்தையும் ஊர்க்காரங்களையும் சேர்த்துக்கிட்டுச் சிகிச்சை குடுத்திருக்காங்க. நோயாளியைச் சென்னைக்கு இழுக்காம, சிகிச்சை ஊருக்கு வந்தது. எங்களுக்கு அந்த அளவு ஆளும் இல்லை, டாக்டரும் இல்லை. ஒரு மஞ்ச அட்டை தான்.

அந்தப் பொதுப் போன் மாசத்துக்கு ஒரு குழுவுல இருக்கும். ஒண்ணாம் தேதி கை மாறும். ஒண்ணாம் தேதியை வேணும்னே தான் எடுத்தாங்க, அன்னிக்கு மேலேர்ந்து ஆள் இறங்குமில்லையா, சரக்கு வாங்க இறங்குற அதே ஜீப்புல போனும் இறங்கிடும்னு ஒருத்தர் சொல்லி எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். எத்தனை அழைப்பு வருதுங்கறதை எழுதி வெப்பாங்க, யார் அழைச்சாங்கங்கறதை எழுத மாட்டாங்க. ராத்திரி யாரும் எடுக்க முடியாமப் போற நேரத்துக்காக அட்டையோட அடியில 14446ன்னு போட்டிருக்கோம். அது மத்திய அரசோட போதை மீட்பு உதவி எண், காசு கிடையாது. மனசு ரொம்ப உடைஞ்சு போனவங்களுக்கு 14416, டெலிமானஸ், 2022 அக்டோபர்ல வந்தது. மரபுப்படி இதைப் போடலாமா கூடாதாங்கறதுக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை வாக்குவாதம். போடலாம்னு முடிஞ்சது.

நம்மாளு? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து ரெண்டு மாசம் ஒழுங்கா வந்தாரு. தீபாவளிக்கு ஸ்லிப் ஆனாரு. மறுபடி வந்தாரு. கடைசியாப் பார்த்தப்ப நாற்காலி அடுக்கிக்கிட்டு இருந்தாரு, நல்லாத் தான் இருந்தாரு. எத்தனை நாள் ஆச்சுன்னு கேக்கிற வழக்கம் எனக்கு இல்லை, அவரா சொன்னா உண்டு.

போன மாசம் ஒரு அழைப்பு. போன் மேல சேட்டன்கிட்ட இருந்தது. பேசினது ஒரு பொம்பளை, தமிழ். வழக்கம் போலப் புருஷனுக்கோ மகனுக்கோன்னு நினைச்சு அவர் கிழமை, தேதியெல்லாம் சொல்லியிருக்காரு. அந்தம்மா பொறுமையாக் கேட்டுட்டு, "அவருக்கு இல்லண்ணே. எனக்கு. பொம்பளைங்களுக்குக் கூட்டம் இருக்கா?"ன்னு கேட்டிருக்காங்க.

இல்லை. எங்க ஆறு குழுவுலயும் சேர்த்து ஒரு பொம்பளை மெம்பர் இல்லை. வரக் கூடாதுன்னு இல்லை, வந்து உக்காந்தா ஊர் என்ன பேசும்ங்கறது தான். கொரோனாக் காலத்துலேர்ந்து ஆன்லைன்ல பொம்பளைங்க கூட்டமெல்லாம் நடக்குது. இவங்க பேசினது பட்டன் போன்ல. சேட்டன் அரை மணி நேரம் பேசியிருக்காரு. அவர் மனைவியும் பேசியிருக்காங்க. திரும்பக் கூப்பிடுறேன்னு சொல்லிட்டு அந்தம்மா வெச்சுட்டாங்க. நம்பர் போன்ல இருக்கு. ஆனா நாமளா கூப்பிட்டு வேற யாராவது எடுத்தா? அதனால கூப்பிடலை.

மதுரைப் பக்கம் குடியை விட்ட ஒரு அக்கா இருக்காங்களாம். ரயில்ல வர்ற பெரியவர் கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்காரு. ஆறு குழுவும் இதைத் தனித்தனியாப் பேசிக்கிட்டு இருக்காங்க, நான் டீக்கடையில உக்காந்திருக்கேன். அடுத்த மாச அட்டை ரெடி, அச்சுக்கு இன்னும் குடுக்கலை. 14446க்கு மேல ஒரு வரி இடம் விடச் சொல்லியிருக்காரு மாமா.